உப்புத் தண்ணீரில் உலோகங்களின் சகவாச தோஷம்: படகில் கால்வானிக் அரிப்பைத் தடுப்பது எப்படி?

அலுமினியப் படகு ஒன்றில் பழைய இரும்பு போல்ட் துருப்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கழற்றிவிட்டு, பளபளவென்று ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டை மாட்டுகிறோம். இனித் துருவைப் பற்றிக் கவலையில்லை என்று நிம்மதியாக இருக்கிறோம். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் போல்ட் புதிதுபோலவே இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தில் பெயிண்ட் கொப்புளித்திருக்கிறது. விரலால் தட்டினால் வெள்ளை மாவு உதிர்கிறது. துளை பெரிதாகி, போல்ட் ஆடத் தொடங்கியிருக்கிறது.

நல்ல உலோகம்தானே போட்டோம்? ஆமாம். போல்ட்டிலும் குறையில்லை, அலுமினியத்திலும் குறையில்லை. தனித்தனியாக இருந்திருந்தால் இரண்டும் பல ஆண்டுகள் உழைத்திருக்கும். இரண்டையும் தொடவைத்து, மேலே உப்புத் தண்ணீரையும் ஊற்றியதுதான் வினை. சகவாச தோஷம் என்று மனிதர்களைச் சொல்வோம் அல்லவா, உலோகங்களுக்கும் அது உண்டு. இதைத்தான் கால்வானிக் அரிப்பு என்கிறார்கள். படகு வைத்திருப்பவர்கள் செய்யும் பெரும்பாலான தவறுகள், 'எந்த உலோகம் நல்லது?' என்று மட்டும் கேட்பதிலிருந்து வருகின்றன. கேட்க வேண்டியது, 'இது எதன் பக்கத்தில் உட்காரப் போகிறது?' என்பது.

உள்ளே நடப்பது என்ன?

பள்ளியில் எலுமிச்சம்பழத்தில் ஒரு செம்புக் கம்பியையும் துத்தநாகம் பூசிய ஆணியையும் குத்தி மின்சாரம் எடுத்துக் காட்டியிருப்பார்கள். படகில் நடப்பதும் அதேதான். 1800இல் வோல்டா துத்தநாகத் தகடுகளையும் செம்புத் தகடுகளையும் மாறிமாறி அடுக்கி, நடுவே உப்புநீரில் நனைத்த துணியை வைத்து முதல் பேட்டரியைச் செய்தார். நாம் வேண்டாமலே நம் படகு அப்படியொரு பேட்டரியாக மாறிவிடுகிறது.

ஒவ்வொரு உலோகமும் தன் எலக்ட்ரான்களை ஒரே அளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருப்பதில்லை. துத்தநாகமும் அலுமினியமும் எளிதில் விட்டுவிடும். செம்பும் வெண்கலமும் அவ்வளவு சுலபத்தில் விடாது. இந்த இரண்டு வகையையும் உலோகத் தொடர்பால் இணைத்துவிட்டால், எளிதில் விடுவதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி மற்றதற்குப் போகும். எலக்ட்ரானை இழந்த உலோக அணு அயனியாகித் தண்ணீரில் கரைந்துவிடும். உப்புநீரில் அயனிகள் சுலபமாக நகரும் என்பதால் சுற்று முழுமையாகி, மின்னோட்டம் நிற்காமல் ஓடும். கரைந்துபோகும் உலோகத்துக்கு ஆனோடு என்று பெயர். எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் உலோகம் கேத்தோடு. கேத்தோடு அரிக்கப்படுவதில்லை. தனியாக இருந்தால் கொஞ்சம் அரிக்கப்பட்டிருக்கும் உலோகம்கூட, கேத்தோடாக மாறியதும் பாதுகாப்பாகிவிடுகிறது. இந்த விஷயத்தை மறக்காதீர்கள், பின்னால் இதுவே மருந்தாகப் பயன்படப் போகிறது.

ஆக, மூன்று வேண்டும்: வேறுவேறு உலோகங்கள், அவற்றுக்கிடையே உலோகத் தொடர்பு, இரண்டையும் நனைக்கும் தண்ணீர். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் கால்வானிக் அரிப்பு நடக்காது.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். மூன்று கண்ணாடி டம்ளரில் உப்புத் தண்ணீர் எடுங்கள். முதலாவதில் பூச்சில்லாத ஓர் இரும்பு ஆணியை மட்டும் போடுங்கள். இரண்டாவதில் செம்புக் கம்பியை இறுக்கிச் சுற்றிய ஆணி. மூன்றாவதில் துத்தநாகத் தகட்டை இறுக்கிச் சுற்றிய ஆணி. சில நாட்களில் செம்பு சுற்றிய ஆணி தனி ஆணியைவிட அதிகமாகத் துருப்பிடித்துத் தண்ணீரைக் கலக்கியிருக்கும். துத்தநாகம் சுற்றிய ஆணியில் துரு மிகக் குறைவாக இருக்கும், ஆனால் துத்தநாகத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும். ஆணி மூன்றும் ஒன்றே, சேர்க்கைதான் வேறு. எத்தனை பக்கம் படித்தாலும் இந்த மூன்று டம்ளர் சொல்வதுபோல வராது, ஒருமுறை செய்து பாருங்கள்.

யார் யாருக்கு விட்டுக்கொடுப்பார்கள்?

கடல்நீரில் உலோகங்களை மின்னழுத்தப்படி வரிசையாக நிறுத்திய பட்டியலுக்குக் கால்வானிக் வரிசை என்று பெயர். வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையை ஒப்பீடாக வைத்து அளந்தால் மக்னீசியம் ஏறத்தாழ –1.6 வோல்ட், துத்தநாகம் –1.0, படகுக்குப் பயன்படும் அலுமினியக் கலவைகள் –0.75 முதல் –1.0 வரை, சாதாரண இரும்பும் எஃகும் –0.6 முதல் –0.7 வரை இருக்கும். பித்தளை, வெண்கலம் எல்லாம் –0.25 முதல் –0.4க்குள் வரும். 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்ல நிலையில் பூஜ்யத்துக்கு அருகே நிற்கும். கார்பன், அதாவது கிராஃபைட், பூஜ்யத்தையும் தாண்டி மறுபக்கம் போய்விடும்.

எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு உலோகங்கள் சேர்ந்தால், வரிசையில் அதிக எதிர்மறை எண் உள்ளது கரையும். இடைவெளி அதிகமானால் உந்துதலும் அதிகம். வெண்கல வால்வில் செம்புக் குழாயை இணைத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, இரண்டும் அக்கம்பக்கத்தார். அலுமினியத்தில் வெண்கலத்தை நேரடியாகப் பொருத்துவது வேறு கதை.

கார்பனைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உலோகமில்லை என்பதால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. கார்பன் ஃபைபர் பாய்மரத்தில் அலுமினியப் பாகங்களைக் காப்பில்லாமல் திருகினால், கரைவது அலுமினியம். கிராஃபைட் கலந்த கிரீஸை அலுமினியப் பாகங்களில் தடவக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஒரு சிக்கல். அது துருப்பிடிக்காமல் இருப்பது மேலே உள்ள மெல்லிய ஆக்சைடு படலத்தால். அந்தப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். ஈர மரத்துக்குள் புதைந்த போல்ட்டின் நடுப்பகுதி, கொட்டலசு (தண்ணீருக்குள் இருக்கும் பரப்பில் ஒட்டி வளரும் ஓடுள்ள கடலுயிர்) மூடிய இடம், ரப்பர் வளையத்தின் அடி போன்ற காற்றோட்டமில்லாத மூலைகளில் படலம் உடைந்தால், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வரிசையில் எதிர்மறைப் பக்கம் இறங்கி இரும்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். பிறகு அதுவே குழிகுழியாக அரிக்கும். வெளியே தலை பளபளக்கும், உள்ளே கழுத்து மெலிந்திருக்கும்.

அளவு செய்யும் வேலை

ஆரம்பத்தில் இருப்பவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தப் பகுதியைத்தான் என்பது என் எண்ணம். எந்த உலோகங்கள் சேர்கின்றன என்பது பாதிக் கதை. எது பெரியது, எது சிறியது என்பது மீதிக் கதை.

பெரிய இரும்புத் தகட்டில் சின்னச்சின்ன செம்பு ரிவெட்டுகள் அடித்திருக்கின்றன என்று நினையுங்கள். இரும்புதான் ஆனோடு. ரிவெட்டுகள் சிறியவை என்பதால் அவற்றின் மேல் நடக்கக்கூடிய வினை குறைவு, மின்னோட்டமும் குறைவு. அந்தக் கொஞ்ச நஷ்டத்தையும் பெரிய தகடு முழுவதும் பகிர்ந்துகொள்ளும். இப்போது மாற்றிப் போடுங்கள்: பெரிய செம்புத் தகட்டில் இரும்பு ரிவெட்டுகள். செம்பின் பரப்பு முழுவதும் எலக்ட்ரானை இழுக்கிறது, கொடுப்பதற்கு இருப்பதோ சில ரிவெட்டுகள் மட்டும். அவை வெகுசீக்கிரம் கரைந்து தகடு கழன்றுவிடும். உலோகங்கள் அதேதான், விளைவு தலைகீழ்.

இது கற்பனை இல்லை. பிரிட்டிஷ் கடற்படை 1761இல் 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் மர அடிப்பகுதி முழுவதும் செம்புத் தகடு வேய்ந்தது. கப்பல் புழு மரத்தைத் துளைக்காமலும் பாசியும் கொட்டலசும் பிடிக்காமலும் இருக்க அந்த ஏற்பாடு. 1763இல் கப்பலைச் சோதித்தபோது மரத்தைப் புழு தொடவில்லை. ஆனால் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகளும் சுக்கானின் இரும்புப் பாகங்களும் அரித்துக் கூழாகியிருந்தன. சில இடங்களில் மட்டும் இரும்பு நன்றாக இருந்தது. ஏன் என்று பார்த்தால், தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை அந்த இடங்களில் உரிக்காமலே அடித்திருந்தார்கள். காகிதம் நடுவில் நின்று செம்பையும் இரும்பையும் பிரித்து வைத்திருந்தது. வோல்டாவின் பேட்டரி வருவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, காரணம் புரியாமலே, தீர்வு அந்தக் கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

முதல் தற்காப்பு: தொடவிடாதே

அந்தக் காகிதத்தின் வேலையை இன்று நைலான் வாஷர், பிளாஸ்டிக் குழல், நியோப்ரீன் அட்டை ஆகியவை செய்கின்றன. அலுமினியப் பாய்மரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாகத்தைப் பொருத்தும்போது நடுவே பிளாஸ்டிக் அட்டை ஒன்றை வையுங்கள். போல்ட்டின் தலைக்கு அடியில் வாஷர் போட்டால் மட்டும் போதாது. போல்ட்டின் உடல் துளைக்குள்ளே அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எல்லாம் வீண். அதற்குத்தான் குழல். அது முடியாத திருகுகளில், அரிப்பைத் தடுக்கவென்றே விற்கும் காப்புப் பசையை மரையில் நன்றாகத் தடவி முறுக்குங்கள். அது தண்ணீரை உள்ளே விடாது. பின்னால் கழற்றும்போது திருகு இறுகிப்போய் உடையாமலும் இருக்கும்.

உலோகத்தையே தவிர்ப்பது இன்னும் எளிது. படகின் அடியைத் துளைத்துச் செல்லும் கடல்நீர் வால்வுகளுக்குக் கண்ணாடி இழை கலந்த நைலான் வால்வுகள் கிடைக்கின்றன. அவற்றில் அரிக்க எதுவுமில்லை. உலோகம்தான் வேண்டுமென்றால் வெண்கலம் போடுங்கள். சாதாரணப் பித்தளை வேண்டாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. கடல்நீரில் அதிலுள்ள துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேற, நுண்ணிய ஓட்டைகள் நிறைந்த செம்பு மிச்சமாகும். பார்க்க வால்வு முழுசாகத்தான் இருக்கும், ஆனால் மஞ்சள் போய் இளஞ்சிவப்பாகியிருக்கும், ஒரு தட்டுக்கு உடையும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் வால்வு அப்படி உடைந்தால் படகு மூழ்கிவிடும்.

பெயிண்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கரையும் உலோகத்துக்குத்தானே பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஆனோடுக்கு மட்டும் பெயிண்ட் அடித்து, கேத்தோடை அப்படியே விட்டால், பெயிண்டில் விழும் ஒரு சின்னக் கீறல்தான் வெளியே தெரியும் ஒரே ஆனோடாகிவிடும். பெரிய கேத்தோடு, ஊசிமுனை ஆனோடு. மேலே சொன்ன இரும்பு ரிவெட் கதைதான், அந்தக் கீறலில் அரிப்பு நேராக உள்ளே துளைக்கும். ஆகவே இரண்டுக்கும் அடியுங்கள். ஒன்றுக்குத்தான் முடியும் என்றால் கேத்தோடுக்கு அடியுங்கள்.

பாசி பிடிக்காமல் தடுக்கும் பெயிண்டுகள் பலவற்றில் செம்பு ஆக்சைடு இருக்கிறது. அலுமினிய உடலுக்கும் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் அலுமினிய எஞ்சின் காலுக்கும் அந்த வகையை அடிக்கக் கூடாது. அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் குறிப்பிட்டிருப்பதையே வாங்குங்கள். அலுமினியப் படகின் அடியில் தேங்கும் தண்ணீரில் செம்புக் காசோ கம்பித் துண்டோ விழுந்து கிடந்தாலும் அந்த இடத்தில் ஓட்டை விழலாம். அடித்தளத்தைக் கூட்டித் துடைத்து வைப்பது படகைக் காக்கும் வேலையும்தான்.

இரண்டாவது தற்காப்பு: கரைவதற்கென்றே ஒன்று

எல்லாவற்றையும் பிரித்துவிட முடியாது. வெண்கலப் புரொப்பெல்லர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டில்தான் சுழன்றாக வேண்டும், இரண்டும் கடலுக்குள்தான் இருந்தாக வேண்டும். கேத்தோடு அரிக்கப்படாது என்று முன்பு சொன்னேனே, அது இங்கே உதவுகிறது. வரிசையில் இன்னும் அதிக எதிர்மறை எண் உள்ள ஒரு துண்டை வேண்டுமென்றே இணைத்துவிட்டால், மற்ற எல்லாம் கேத்தோடாகித் தப்பிக்கும். அந்தத் துண்டு மட்டும் கரையும். தண்டில் வளையமாகவும் சுக்கானில் தகடாகவும் மாட்டும் சிங்க், அதாவது துத்தநாகத் துண்டுகள் இவைதான்.

ஹம்ஃப்ரி டேவி 1824இல் இதைப் பிரிட்டிஷ் கடற்படைக்குச் சொன்னார். செம்பு வேய்ந்த கப்பல்களில் இரும்புத் துண்டுகளைப் பொருத்தினார்கள். செம்பு கரைவது நின்றது. ஆனால் அடியில் பாசியும் கொட்டலசும் மண்டிக் கப்பல்கள் வேகம் இழந்தன. அதுவரை கரைந்த செம்புதான் நஞ்சாக இருந்து அவற்றை விரட்டியிருக்கிறது. டேவியின் அறிவியல் சரியாகத்தான் இருந்தது. எதைக் காக்க வேண்டும், எதைக் கரையவிட வேண்டும் என்ற கேள்வியில்தான் சறுக்கல். இந்தக் கதை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அளவுக்கு மீறிய பாதுகாப்பும் கெடுதல் என்பதை இது காட்டுகிறது. இன்றும் மரப் படகுகளில் தேவைக்கு மேல் சிங்க் மாட்டினால், உலோகத்தைச் சுற்றிக் காரத்தன்மை ஏறி மரம் நார்நாராகிப் போகும். அலுமினியத்திலும் அளவு மீறினால் பெயிண்ட் கொப்புளிக்கும்.

எந்தத் துண்டை மாட்டுவது? அதைத் தண்ணீர் முடிவு செய்யும். கடல்நீரில் துத்தநாகமோ அலுமினியக் கலவையோ சரி. கழிமுகம் போல உப்பு குறைந்த தண்ணீரில் அலுமினியக் கலவை நல்லது. நன்னீரில் மக்னீசியம். நன்னீரில் துத்தநாகத்தின் மேல் ஒரு படலம் கட்டி, அது வேலை செய்வதையே நிறுத்திவிடும். மக்னீசியத்தைக் கடலுக்குக் கொண்டுபோனால் அசுர வேகத்தில் கரைந்து தீர்ந்துவிடும். ஒரே படகில் வகைகளைக் கலக்காதீர்கள், ஒன்று மற்றொன்றைக் காப்பாற்றுவதிலேயே கரைந்துபோகும்.

கிடைக்கும் துத்தநாகத்தை உருக்கி ஊற்றி நாமே செய்துகொள்ளலாமே என்று தோன்றலாம். வேண்டாம். துத்தநாகத்தில் இரும்பு கொஞ்சம் கலந்தாலும் மேலே படலம் கட்டி வேலை நின்றுவிடும். இதற்கான அமெரிக்க ராணுவத் தரம் இரும்பை 0.005 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துகிறது. உருக்கும் பாத்திரத்திலிருந்தே அதைவிட அதிகம் கலந்துவிடலாம்.

ஒரு கிலோ துத்தநாகம் நடைமுறையில் சுமார் 780 ஆம்பியர்-மணி தரும். படகு 0.1 ஆம்பியர் கேட்டால் 7,800 மணி நேரம், அதாவது 325 நாட்கள் வரும். அந்தத் துண்டு இல்லாமல் இரும்பே ஆனோடாகி ஓர் ஆம்பியர் ஓர் ஆண்டு ஓடினால், கரையும் இரும்பு சுமார் 9 கிலோ. சின்ன மின்னோட்டம்தானே என்று விட்டுவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. தொடும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, வெறும் உலோகம் வெறும் உலோகத்தைத் தொடும்படி இறுக்குங்கள். பிறகு மல்டிமீட்டரில் துண்டுக்கும் காக்க வேண்டிய பாகத்துக்கும் இடையே மின்தடையைப் பாருங்கள், ஓர் ஓமுக்கும் கீழே இருக்க வேண்டும். துண்டுக்கு எக்காரணம் கொண்டும் பெயிண்ட் அடிக்காதீர்கள், அடித்தால் அது அங்கே இருந்தும் இல்லாததுதான். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். அப்புறம், வெளியே மாட்டிய துண்டு எஞ்சினுக்குள் ஓடும் கடல்நீருக்குப் பாதுகாப்புத் தராது. எஞ்சினைக் குளிர்விக்கும் வெப்பமாற்றியில் பென்சில் வடிவத்தில் தனியாக ஒரு சிங்க் இருக்கும். அதை மறந்துவிட்டு எஞ்சின் சூடாகிய பிறகு தேடுபவர்கள் அதிகம்.

கரை மின்சாரம்

படகுத்துறையில் மின்சாரம் எடுக்கும் படகுகளுக்கு இன்னொரு வழியிலும் அரிப்பு வரும். மின்கம்பியில் உள்ள எர்த் கம்பி உங்கள் படகின் உலோகங்களைப் பக்கத்துப் படகின் உலோகங்களோடு இணைத்துவிடுகிறது. தண்ணீர் ஏற்கெனவே பொதுவாக இருக்கிறது. பக்கத்துப் படகு சிங்க் மாற்றாமல் விட்டிருந்தால், உங்கள் சிங்க்தான் அதற்கும் சேர்த்துக் கரையும்.

இதற்காக எர்த் கம்பியை வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உயிர் காக்கும் கம்பி. அதை வெட்டினால், மின்கசிவு வரும்போது படகில் இருப்பவரும் பக்கத்தில் நீந்துபவரும் சாக நேரிடும். சரியான தீர்வு கால்வானிக் ஐசொலேட்டர். எர்த் கம்பியின் நடுவே டயோடுகளை எதிரெதிராக வைத்த சின்னப் பெட்டி அது. சுமார் 1.2 வோல்ட் வரையிலான நேர்மின்சாரத்தை அது தடுத்துவிடும், கால்வானிக் மின்னழுத்தம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். நிஜமான மின்கசிவு வந்தால் தடையில்லாமல் விட்டுவிடும். இன்னும் செலவு செய்ய முடிந்தால், கரைக் கம்பிகளோடு நேரடி உலோகத் தொடர்பில்லாமல் படகுக்கு மின்சாரம் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம்.

சிங்க் சில வாரங்களிலேயே தீர்ந்துபோகிறது என்றால், அது கால்வானிக் அரிப்பாக இல்லாமல் கசிவு மின்சாரமாக இருக்கலாம். இரண்டு உலோகங்களுக்கிடையே உள்ள உந்துதல் பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு, படகின் பேட்டரியோ 12 வோல்ட். அடித்தளத் தண்ணீரில் கிடக்கும் பம்பின் வயரில் உறை கிழிந்திருந்தால் அந்த 12 வோல்ட் உலோகத்தைச் சில நாட்களிலேயே தின்றுவிடும். சிங்க்கை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. கிழிந்த வயரைக் கண்டுபிடியுங்கள்.

பழைய சிங்க்கைத் தூக்கிப் போடுவதற்கு முன்

படகைக் கரையேற்றும்போது பழைய துண்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். மேற்பரப்பு குழிகுழியாக, சீராகத் தேய்ந்து, ஓர் ஆண்டில் பாதி போயிருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் இறுக்கம் சரியில்லை. ஓர் ஆண்டு கடலில் கிடந்தும் புதிதுபோல இருந்தால், காசு மிச்சம் என்று அதையே திரும்ப மாட்டிவிடாதீர்கள். அது வேலையே செய்யவில்லை, அதற்குப் பதிலாக வேறு ஏதோ ஒன்று கரைந்துகொண்டிருந்திருக்கிறது. மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் போய், அது எது என்று அன்றைக்கே தேடுங்கள்.